கட்டுமானப் பொருள்களுக்கு மென்பொருள் வழியாக விலைப்புள்ளி கோரல்

விலைப்புள்ளி கோரல் என்பது, கட்டடத்துக்குத் தேவையான சிமெண்ட், கம்பி, எம்-சாண்ட், ஜல்லி முதலிய பொருள்களின் அளவைக் கணக்கிட்டு, அவற்றை என்ன விலைக்குத் தர இயலும் என விற்பனையாளர்களிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறும் முறையாகும். மென்பொருள் இக்கணக்கை விரைவாக முடித்துத் தருகிறது. எனினும், எல்லா விற்பனையாளருக்கும் ஒரே கேள்வி சென்றால்தான் வரும் விலைகளை ஒப்பிட முடியும்.

பின்னணி

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்திலுள்ள தேர்வாய் கண்டிகையில் சிப்காட் தொழிற்பூங்கா அமைந்துள்ளது. மிச்செலின் டயர் தொழிற்சாலை இங்குதான் உள்ளது. கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்து உருவாக்கப்பட்ட 500 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள நீர்த்தேக்கம் 2020 நவம்பர் 21 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. இத்தகைய அரசுப் பணிகளுக்கான ஒப்பந்தப்புள்ளிகளை 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் நெறிப்படுத்துகிறது. அதே வட்டாரத்தில் சொந்தமாக வீடோ சிறு பட்டறையோ கட்டுபவருக்கு இச்சட்டம் பொருந்தாது. அவருக்குத் தெளிவான விலைப்புள்ளித் தாளே காப்பு.

அளவுப் பட்டியல்

ரெவிட் போன்ற மென்பொருள்கள் முப்பரிமாண மாதிரியிலிருந்தே அளவுகளை எடுத்துத் தருகின்றன. சிறு கட்டடத்துக்கு எக்செல் விரிதாள் போதும். கட்டட வேலைகளை அளவிடும் முறையை ஐ.எஸ். 1200 என்னும் இந்தியத் தர நிர்ணயம் வகுத்துள்ளது.

எடுத்துக்காட்டாக, 40 அடி நீளம், 30 அடி அகலம், 5 அங்குலக் கனமுள்ள மேல்தளத்தின் கொள்ளளவு 500 கன அடி. கலவை இறுகும்போது கொள்ளளவு குறையும் என்பதால் உலர்ந்த பொருள்களை 1.54 மடங்காக, அதாவது 770 கன அடியாகக் கொள்வர். 1:1.5:3 என்ற விகிதத்தில் பிரித்தால் சிமெண்ட் 140, எம்-சாண்ட் 210, ஜல்லி 420 கன அடி ஆகும். சிமெண்ட் அளவு 50 கிலோ மூட்டையில் ஏறத்தாழ 114 மூட்டை. சேதாரத்தை இதன்மேல் தனியாகச் சேர்க்க வேண்டும்.

அலகுக் குழப்பம்

மென்பொருள் பெரும்பாலும் கன மீட்டரில் விடை தரும். சென்னை வட்டாரத்தில் ஜல்லியும் எம்-சாண்டும் ‘யூனிட்’ கணக்கில் விற்கப்படுகின்றன. 1 யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். மேற்கண்ட ஜல்லி 11.89 கன மீட்டர் அல்லது 4.2 யூனிட். அலகைக் குறிக்காமல் 11.89 என்று மட்டும் அனுப்பினால், ஏறத்தாழ மூன்று மடங்கு ஜல்லிக்கு விலை வந்து சேரும்.

கம்பிக்கும் இதே எச்சரிக்கை தேவை. விட்டத்தின் (மி.மீ.) வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மி.மீ. கம்பிக்கு இது 0.889 கிலோ. இவ்விட்டத்தில் 5 விழுக்காடு வரை எடை கூடவோ குறையவோ ஐ.எஸ். 1786 இடமளிக்கிறது. ஆகவே எண்ணிக்கைக்கு அல்லாமல் எடைக்கு விலை கேட்டு, எடைமேடைச் சீட்டுடன் பெறுவது நல்லது.

தாளில் இடம்பெற வேண்டியவை

1. பொருள், தரம், அளவு, அலகு
2. சரக்கு மற்றும் சேவை வரி விலையில் அடங்குமா என்பது
3. வண்டி வாடகை, இறக்குகூலி யார் பொறுப்பு என்பது
4. இறக்க வேண்டிய இடமும் நாளும்
5. விலை எத்தனை நாள் செல்லும் என்பது
6. பணம் செலுத்தும் முறை

ஒப்பிடுதல்

ஒருவர் கம்பிக்குக் கிலோ 60 ரூபாய் என வரி உட்பட எழுதுகிறார். மற்றொருவர் 52 ரூபாய், வரி தனி என்கிறார் எனக் கொள்வோம். 18 விழுக்காடு வரி சேர்ந்தால் இரண்டாவது விலை 61.36 ரூபாய். விரிதாள் 52ஐத்தான் குறைந்த விலையாகக் காட்டும். எனவே வரியும் வாடகையும் கூட்டி, பொருள் மனையில் இறங்கும்போது ஆகும் விலையை ஒரே பத்தியில் இட்டபின் வரிசைப்படுத்த வேண்டும்.

வரி விகிதங்களும் மாறக்கூடியவை. சிமெண்டுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. பழைய விரிதாளைப் பயன்படுத்துவோர் முதலில் இந்த விகிதங்களைச் சரிபார்க்க வேண்டும்.