இருக்கிற உடையில் எடுப்பு
(இரண்டாம் ஆண்டு, இளநிலை வேதியியல்)

மலருக்கு உடையைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் தோழிகள் சிரித்தார்கள். வேதியியல் படிக்கிறவளுக்கு இது எதற்கு என்பது அவர்கள் கேள்வி. வேதியியலுக்கும் நாம் கட்டுகிற துணிக்கும் உள்ள உறவு போகப் போகத் தெரியும். ‘ஆள் பாதி ஆடை பாதி’ என்று தொடங்கி அத்தோடு நின்றுவிடும் கட்டுரைகளை நாம் நிறையவே படித்திருக்கிறோம். கையில் நான்கு உடுப்பு மட்டுமே உள்ளவர் அந்தப் பாதியை எப்படிச் சரிசெய்து கொள்வது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. நம் கல்லூரியில் பெரும்பாலோர் அந்த நான்கு உடுப்புக்காரர்களே. அரசு தரும் மாதம் 1,000 ரூபாயில் (மாணவியருக்கு 2022 முதலும் மாணவருக்கு 2024 முதலும் வருகிறது) பேருந்தும் நோட்டும் போக மிஞ்சுவதில் புதுத்துணி எங்கே எடுப்பது?

ஒரே கடையில் ஒரே விலைக்கு எடுத்த சட்டை ஒருவருக்கு எடுப்பாகவும் இன்னொருவருக்குத் தொங்கலாகவும் இருக்கக் காண்கிறோம். உடம்பு வாகு ஒரு காரணம்தான். ஆனால் பெரும்பாலும் குற்றம் தோள் தையலில் இருக்கும். அந்தத் தையல் தோள் எலும்பு முடிகிற இடத்தில் உட்கார வேண்டும். கைப்பக்கம் இறங்கினால் அண்ணன் சட்டையைத் தம்பி போட்டது போலத் தோன்றும். (நம்மில் பாதிப் பேர் போடுவது அண்ணன் சட்டைதானே என்கிறீர்களா? அதுவும் உண்மை.) தோளைப் பிரித்துத் தைப்பது தையற்காரருக்குக் கடினமான வேலை. பக்கத்தைப் பிடிப்பதும், நீளத்தைக் குறைப்பதும், கையை மடித்துத் தைப்பதும் எளிது. ஆகவே ஆயத்த ஆடை வாங்கும்போது தோள் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இடுப்பின் தளர்ச்சியைப் பற்றிக் கவலைப்படாமல் வாங்கலாம். புதிதாகத் தைக்கக் கொடுப்பவர்கள், உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டுத் தைக்கும்படி கேட்டு வாங்க வேண்டும். இரண்டு ஆண்டு கழித்துப் பிரித்துவிட அது உதவும். பல தையற்காரர்கள் கேட்டால்தான் விடுவார்கள்.

அடுத்தது சுருக்கம். இங்கேதான் எங்கள் பாடம் வருகிறது. பருத்தி என்பது செல்லுலோஸ். நம் பெரம்பலூர்க் கரிசலில் விளையும் பஞ்சும் அதுவே. அதன் நீண்ட சங்கிலிகள் ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் கட்டுண்டு கிடக்கின்றன. தண்ணீர் நுழைந்தால் அந்தப் பிணைப்புகள் அவிழும். காயும்போது எந்த நிலையில் துணி இருக்கிறதோ அந்த நிலையிலேயே மறுபடியும் பிணையும். கசங்கிக் காய்ந்தால் கசங்கல் நிலைக்கும், உதறி நீவிக் காயப் போட்டால் நேர்மை நிலைக்கும். சலவைத் தொழிலாளி தண்ணீர் தெளித்து, துணியைச் சுருட்டி வைத்திருந்து, பிறகு பெட்டி போடுவது ஏன் என்பதும் இதனால் விளங்கும். ஈரம் பிணைப்பை அவிழ்க்கிறது; சூடும் அழுத்தமும் தட்டையான நிலையில் அதை மறுபடி கட்டுகின்றன. காய்ந்த பருத்தியின் மேல் பெட்டியை எத்தனை முறை ஓட்டினாலும் மின்சாரம்தான் வீண். பாலியஸ்டர் கலந்த துணி வேறு இனம். அதற்குச் சூடு குறைவாகப் போதும். துணியின் உள்பட்டையில் இஸ்திரிப் பெட்டிப் படத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் 110 பாகை, இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200 பாகை செல்சியஸ் வரை தாங்கும் என்று பொருள். இந்தப் புள்ளிகளைப் பார்க்காமல் எரிந்துபோன துப்பட்டாக்கள் விடுதிதோறும் உண்டு.

பெட்டி இல்லாதவர்கள் சற்றே ஈரமான சட்டையை மடிப்புக் கலையாமல் மடித்துப் பாயின் அடியில் வைத்துப் படுத்துவிடலாம். இரவு முழுவதும் நம் எடையே பெட்டி. ஈரம் கூடிப்போனால் காலையில் வாடை வரும். அளவு பார்த்துக்கொள்ள வேண்டும்.

சோறு வடித்த கஞ்சியை நம் வீட்டுப் பெரியவர்கள் வீணாக்கியதில்லை. அதில் உள்ள மாவுச்சத்து இழைகளின் மேல் மெல்லிய படலமாகக் காய்ந்து துணிக்கு விறைப்புத் தருகிறது. அழுக்கும் வியர்வையும் இழையில் ஏறுவதற்கு முன் இந்தப் படலத்தில் தங்கி, அடுத்த துவைப்பில் அதனோடு கழன்றுவிடுகின்றன. எனவே கஞ்சி போட்ட துணி அழகோடு ஆயுளும் பெறுகிறது. கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி, நிறைய நீர் சேர்த்து, அடர்நிறத் துணியானால் உள்பக்கத்தை வெளியே திருப்பி முக்க வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளைத் திட்டுகள் தெரியும். மாதக்கணக்கில் பெட்டியில் வைக்கப்போகும் துணிக்கு மட்டும் கஞ்சி வேண்டாம். இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து.

வெள்ளைச் சட்டைக்கு நீலம் போடுவதும் கண்ணை ஏமாற்றும் ஓர் அறிவியலே. பழைய பருத்தி மஞ்சளிக்கும். மஞ்சளுக்கு எதிர்நிறம் நீலம். இரண்டும் சேர்ந்தால் நம் கண்ணுக்கு வெண்மை. இன்றைய சலவைத் தூள்கள் பலவற்றில் உள்ள ஒளிரும் பொருள், வெயிலின் புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளிவிடுகிறது. அதே புற ஊதாக் கதிர் சாய மூலக்கூறுகளை உடைப்பதால், நிறத்துணியை உட்புறம் திருப்பி நிழலில் உலர்த்துவது நல்லது.

இனி, சின்னஞ்சிறு அலங்காரம். எங்கள் எறையூர் என்றால் சர்க்கரை ஆலைதான் என்றிருந்த காலம் மாறிவிட்டது. இங்குள்ள சிப்காட்டில் 2022 நவம்பரில் காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 2023 நவம்பரில் ஆலை திறக்கப்பட்டது. சுற்றுவட்டாரப் பெண்கள் பலர் அங்கே வேலைக்குப் போகிறார்கள். அங்கு உருவாகும் ‘கிராக்ஸ்’ காலணியை நீங்கள் பார்த்திருப்பீர்கள்: தவளை வாய் போல அகன்று, மேலே 13 துளைகளோடு இருக்கும். அழகு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 2005-இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஷெரி ஷ்மெல்சர் என்ற தாய், தம் குழந்தைகளின் காலணித் துளைகளில் பொத்தான், மணி போன்ற வீட்டுப் பொருள்களைச் செருகிப் பார்த்தார். ஒரே அச்சில் வார்த்த காலணி ஆளுக்கு ஒன்றாக மாறியது. அதையே அவர் தொழிலாக்கினார். அடுத்த ஆண்டே அந்தச் சிறு நிறுவனத்தைக் கிராக்ஸ் நிறுவனம் ஒரு கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது.

நமக்குத் துளை வேண்டாம், பொத்தான் போதும். வெற்றுநிறக் குர்த்தாவின் ஞெகிழிப் பொத்தான்களைப் பிரித்துவிட்டு மரப் பொத்தானோ சிப்பிப் பொத்தானோ தைத்துப் பாருங்கள். விலை கூடிய துணி போல் நிற்கும். எல்லாம் ஒரே வகையாக இருக்கட்டும், நூலும் துணியின் நிறத்தில் இருக்கட்டும். அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. கழுத்தில் வேலைப்பாடு இருந்தால் காதில் பெரிய தோடு எதற்கு? சேலைக்கு ஊக்கு குத்தும்போது ஊக்கில் ஒரு சிறு மணியைக் கோத்துவிட்டுக் குத்தினால் துணி ஊக்கின் வளைவில் சிக்கிக் கிழியாது. அந்த ஊக்கைச் செய்து 1849-இல் காப்புரிமை பெற்ற வால்டர் ஹன்ட் அதை 400 டாலருக்கு விற்றுவிட்டாராம். பாவம்!

படிக்கிற வயதில் இந்த மினுக்கெல்லாம் எதற்கு என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. அவர்களுக்குப் பணிவோடு ஒரு செய்தி. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்கள் மீது விதிக்கப்பட்ட எட்டுத் தடைகளை மானிடவியலர் ஜே. எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் சட்டையோ பனியனோ போடக் கூடாது. முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது. முடியைக் கத்தரித்துக்கொள்ளக் கூடாது. செருப்பும் குடையும் கூடாது. பெண்கள் இரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூவும் சூடக் கூடாது. பொன் வெள்ளி நகை யாருக்கும் ஆகாது. இக்கட்டுரையில் நான் சொல்லும் சில்லறைச் சங்கதிகளுக்குப் பக்கத்தில் அந்தப் பட்டியலை வைத்துப் பாருங்கள். சட்டையும் செருப்பும் பூவும் அற்பமானவை என்றால், அவற்றைத் தடுக்க ஏன் அத்தனை பாடு? அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1927 டிசம்பரில், மகாத் நகரில் கூடிய பெண்களிடம் அண்ணல் அம்பேத்கர், சாதியைக் காட்டிக்கொடுக்கும் விதமாகச் சேலை கட்டுவதை விடச் சொன்னார். ஒட்டுப் போட்டதானாலும் துணி தூய்மையாக இருக்கட்டும் என்றார். இந்நூற்றாண்டிலும் கதை முடியவில்லை. 2014-இல் வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னையில் ஒரு மன்றம் உள்ளே விடவில்லை. அதன் பிறகே வேட்டிக்குத் தடை போடக் கூடாது என்று தமிழ்நாடு அரசு சட்டம் இயற்றியது.

இன்று நமக்கு யாரும் தடை சொல்வதில்லை. ஆனால் சட்டையை உள்ளே விட்டு இடைவார் கட்டி ஊர்த் தெருவில் நடந்தால், “என்னடா, கலெக்டர் ஆயிட்டியா?” என்ற கேலி வருகிறது. நம் வீடுகளில் நேர்முகத் தேர்வுக்குப் போன முன்னோர் இல்லை. என்ன உடுத்துவது என்று கேட்க ஆளும் இல்லை. அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். வெளிர்நிறச் சட்டை, அடர்நிறக் காற்சட்டை. இடைவாரும் காலணியும் ஒரே நிறம். காலணியின் குதிப்பகுதியிலும் மெருகு. மாணவியர் துப்பட்டாவை இரு தோளிலும் ஊக்கிட்டுவிட்டால் கை இரண்டும் சான்றிதழ்க் கோப்புக்கு மிஞ்சும். நகத்தை முந்தின இரவே வெட்டிவிட வேண்டும்.

இவ்வளவு செய்தும் காலைப் பேருந்தில் நின்றுகொண்டே வந்து இறங்கும்போது பெட்டி போட்ட மடிப்பில் பாதி போயிருக்கும். ஆகவே நம் பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள்: வேலைவாய்ப்பு நேர்முகத் தேர்வு நடக்கும் நாட்களில் ஏதாவது ஒரு துறை அறையில் ஓர் இஸ்திரிப் பெட்டியும், முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றும், ஊசி நூல் பொத்தான் ஊக்கு அடங்கிய ஒரு டப்பாவும் வைக்க ஏற்பாடு செய்யுங்கள். டப்பாவை நிரப்பும் பொறுப்பை இரண்டாம் ஆண்டு வேதியியல் மாணவியர் ஏற்றுக்கொள்கிறோம்.