உங்களுக்குத் தெரியுமா? மூன்றாம் ஆண்டிலும் பல்கலைக்கழகத்தில் நுழையலாம்!

அமெரிக்காவில் நான்காண்டுப் பட்டத்தை முழுக்க ஒரே பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு ஆண்டுகளைக் கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் உள்ளூர்க் கல்லூரியில் முடித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். நம் ஊரில் பாலிடெக்னிக் முடித்தவர்கள் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர்கிறார்களே, ஏறக்குறைய அந்த வழிதான். பட்டச் சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டுமே இருக்கும்.

இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901-இல் தொடங்கிய இத்தகைய கல்லூரி இன்றும் நடக்கிறது. நடிகர் டாம் ஹாங்க்ஸ் படித்ததும் கலிஃபோர்னியாவின் ஷபோ என்ற கம்யூனிட்டி காலேஜில்தான்.

கலிஃபோர்னியாவில் இவை நூற்றுக்கும் மேல். அந்த மாநிலத்தவருக்குக் கட்டணம், பாடத்தின் அளவைக் குறிக்கும் யூனிட் ஒன்றுக்கு 46 டாலர். மூன்று யூனிட் பாடம் ஒன்றுக்கு 138 டாலர்தான். உரிய பாடங்களும் மதிப்பெண்ணும் இருந்தால், டேவிஸ், இர்வைன் உட்பட கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள் முன்கூட்டியே இடத்தை உறுதி செய்கின்றன. அதே பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் அந்த உறுதியைத் தருவதில்லை. ஆனாலும் இப்படி மாறி வருபவர்களைச் சேர்த்துக்கொள்கிறது.

சிக்கல் எங்கே வருகிறது? படித்த பாடத்தைப் போகுமிடம் ஏற்காதபோது. அப்போது பணமும் காலமும் வீண். ஆகவே எந்தப் பாடம் எங்கே செல்லும் என்பதை முதல் பருவத்திலேயே கல்லூரி ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள். பொறியியலுக்குப் போகிறவர்கள் கணக்குப் பாட வரிசையைக் கட்டாயம் பாருங்கள். இங்கிருந்து விசாவில் போகும் மாணவருக்கு அந்த 46 டாலர் பொருந்தாது, பல மடங்கு கூடும். பல கல்லூரிகளில் விடுதியும் கிடையாது. வீட்டு வாடகையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.