மருந்தும் மனமும் – 11: முகமூடிகளின் வைத்தியர்

ஸ்டாட்டன் தீவின் காசநோய் விடுதியில் நோயாளிகள் நடனமாடிய கதையைப் போன வாரத்தோடு முடித்துவிட்டோம். அதை மறுபடி சொல்ல இங்கே இடமுமில்லை, தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு அவசியமுமில்லை. மனச்சோர்வு நோய்க்கு முதல் மாத்திரையைக் கண்டறிந்த ஸ்விஸ் மனோவைத்தியரான ரோலண்ட் கூன், தம் ஆஸ்பத்திரியிலிருந்தவர்களுக்குப் பெயரிடப்படாத மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தபோது அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டாரா என்ற விஷயத்தை இந்த வாரம் விசாரிப்பதாக வாக்களித்திருந்தேன். அந்த எண்ணத்தோடுதான் எழுத உட்கார்ந்தேன். நடுவில் ஒரு முகமூடி ஊர்வலம் குறுக்கிட்டுவிட்டது. அதைப் பார்த்துவிட்டுத்தான் மேலே போகவேண்டும்.

ஸ்விட்சர்லாந்தின் வடகிழக்கு மூலையில், தூர்காவ் மாகாணத்தில், எதிர்க்கரையில் ஜெர்மனி தெரியும்படியாகக் கான்ஸ்டன்ஸ் ஏரியின் ஓரத்தில் அமைந்த சிற்றூர் மூன்ஸ்டர்லிங்கன். கன்னியர் மடமாக இருந்த பழைய இடத்தில் 1840ஆம் ஆண்டு தோன்றிய ஆஸ்பத்திரிதான் பிற்காலத்து மனநோய் மருத்துவமனைக்கும் மூலம். அந்த ஊர்க் கோயிலில் யோவான் அப்போஸ்தலரின் மார்பளவுச் சுரூபம் ஒன்று இருக்கிறது. இந்தச் சுரூபத்துக்கு ஒரு விசேஷம் உண்டு: ஏரி கரைக்குக் கரை முழுவதும் உறைந்து மனிதர் நடந்து கடக்கும்படி இறுகும்போது மட்டும், ஜனங்கள் ஊர்வலமாகப் புறப்பட்டுப் பனிக்கட்டியின் மேல் அதை எடுத்துச் சென்று எதிர்க்கரையிலுள்ள ஹாக்னாவ் கோயிலில் சேர்ப்பார்கள், மறுமுறை ஏரி உறைகிற வரையில் சுரூபம் அங்கேயே தங்கவேண்டியதுதான். 1830இல் அக்கரைக்குப் போனது, 1963 பிப்ரவரியில்தான் இக்கரைக்குத் திரும்பியது. இடைப்பட்ட 133 ஆண்டுகளும் மூன்ஸ்டர்லிங்கன் மக்கள் காத்திருந்தார்கள். இதற்கும் மனோவைத்தியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு, நேரடியாக ஒன்றுமில்லை என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் அவசரமென்பதை அறியாத அந்த ஊரின் சுபாவம் தெரிந்தால்தான், நாற்பதாண்டுக் காலம் ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே விதமான நோயைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதரை விளங்கிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கூன் 1912இல் பீல் நகரில் பிறந்தவர். பெர்ன் நகரத்தை அடுத்த வால்டாவ் ஆஸ்பத்திரியில், நோயாளிகளை நாட்கணக்கில் உறங்கவைக்கும் சிகிச்சையால் பெயர்பெற்ற யாக்கோப் கிளேசியிடம் தொழில் பழகி, 1939இல் மூன்ஸ்டர்லிங்கனுக்கு வந்து, பிறகு அந்த ஸ்தாபனத்தின் தலைமையையும் ஏற்று, 1980இல் ஓய்வு பெற்று, 2005இல் காலமானார். வாழ்க்கைக் குறிப்பு இவ்வளவே. அதன் சுவையெல்லாம் அவருக்கு வாய்த்த அண்டை அயலாரில் இருக்கிறது.

மையைக் காகிதத்தில் தெளித்து மடித்து, அதில் உண்டாகும் உருவத்தைக் காட்டி, ‘இது என்னவாகத் தெரிகிறது?’ என்று கேட்டு மனத்தை ஆராயும் முறையை வகுத்த ஹெர்மன் ரோர்ஷாக், 1909 முதல் 1913 வரை இதே ஆஸ்பத்திரியில்தான் இளம் வைத்தியராக இருந்தார். பக்கத்து ஊரான ஆல்ட்னாவில் பள்ளி ஆசிரியராயிருந்த பழைய தோழர் ஒருவரோடு சேர்ந்து 1911இல் அந்த மைச்சோதனையை முதன்முதலாகச் செய்து பார்த்ததும் இங்கே இருந்த காலத்தில்தான். ரோர்ஷாக் ஒரு குரங்கு வாங்கி வளர்த்தார்; வார்டுகளில் அதைக் கொண்டுபோய் விட்டு, பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தில் ஏதாவது அசைவு உண்டாகிறதா என்று கவனிப்பாராம். அவர் 37ஆம் வயதிலேயே இறந்துபோனார். அவர் விட்டுச் சென்ற பத்து அட்டைகளைக் கூன் கையில் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டவர், அவற்றைப் பார்ப்பவர்களில் சிலர் திரும்பத் திரும்ப முகமூடிகளையே காண்பதேன் என்ற ஒரே கேள்வியில் ஆழ்ந்து, 1944இல் அதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதிவிட்டார்.

இன்னோர் அண்டை வீட்டார் லுட்விக் பின்ஸ்வாங்கர். அடுத்த ஊராகிய குரோய்ட்ஸ்லிங்கனில் தனியார் சிகிச்சை விடுதி நடத்திய இவர், ஹைடெகரின் தத்துவத்தை மனோவைத்தியத்துக்குள் கொண்டுவந்தவர். நோயாளியின் குறிகளை எண்ணுவதைவிட அவன் எத்தகைய உலகத்தில் வசிக்கிறான், அவனுக்குக் காலம் எப்படி நகர்கிறது, தன் தேகம் அவனுக்கு எவ்வளவு பாரமாயிருக்கிறது என்று விசாரிப்பதே வைத்தியன் கடமை என்று போதித்தவர். கூன் அவருடைய சீடர். ஆகவே மாத்திரையைக் கண்டுபிடித்தவரைப் பற்றி நாம் மனத்தில் வரைந்து வைத்திருக்கும் சித்திரத்தை, குழாயும் குடுவையுமாக நிற்கும் ரசாயனப் பண்டிதரின் உருவத்தை, இங்கே அழித்துவிட வேண்டும். இவர் தத்துவ நூல்களை வாசித்துவிட்டு, நோயாளிகளோடு மணிக்கணக்கில் சம்பாஷித்தவர்.

இனி ஊர்வலம். 1954 மார்ச் 2ஆம் தேதி, கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின நாள், அந்த ஆஸ்பத்திரியில் வழக்கம்போல் கார்னிவல் விழா நடந்தது. நோயாளிகள் தாங்களே செய்த பெரிய முகமூடிகளைத் தரித்துக்கொண்டு கிளம்பினார்கள்; ஊழியர்களும் வைத்தியர்களுங்கூட வேஷமிட்டுக் கொண்டார்கள். சாவி வைத்திருப்பவர் யார், பூட்டப்பட்டவர் யார் என்று அந்தச் சில மணி நேரம் அடையாளம் தெரியாது. விழாவின் முடிவில் முகமூடிகளை நெருப்பிலிட்டார்கள். இதைப் பார்த்துக்கொண்டு நின்ற விருந்தினர்களில் ஒருவர் பாரிஸிலிருந்து வந்திருந்த 27 வயது இளைஞர்; பின்ஸ்வாங்கரின் நூலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த ஜாக்லின் வெர்தோ என்ற அம்மையாருடன் வந்தவர்; பெயர் மிஷெல் ஃபூக்கோ. பைத்தியம் என்று ஐரோப்பா எவர்களைப் பெயரிட்டு அடைத்து வைத்தது என்ற சரித்திரத்தை ஏழாண்டுகளுக்குப் பின் எழுதி உலகத்தைத் திடுக்கிடவைத்த அதே ஃபூக்கோதான். அன்று எடுத்த புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. இந்த வாரம் முழுவதும் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்ததில், பத்திரிகை ஆபீசிலிருந்து இரண்டு முறை ஆள் வந்து திரும்பியாயிற்று.

என்னை மேலும் பிரமிக்கவைத்தது ஒரு வருஷக் கணக்கு. அதே வெர்தோ அம்மையார் கூனின் முகமூடிப் புத்தகத்தையும் பிரெஞ்சில் பெயர்த்தார். தத்துவ ஆசிரியர் காஸ்தோன் பாஷ்லார் அதற்கு முன்னுரை வழங்கினார். நூல் வெளிவந்தது 1957இல். மனச்சோர்வு நோய்க்கான முதல் டிரைசைக்ளிக் (மூவளைய) மருந்தைப் பற்றிக் கூன் தம் கட்டுரையை ஸ்விஸ் மருத்துவ வாரப் பத்திரிகையில் பிரசுரித்ததும் அதே 1957இல், ஆகஸ்டு 31ஆம் தேதி. முகமூடியைப் பற்றிய தத்துவமும் மாத்திரையைப் பற்றிய அறிக்கையும் ஒரே ஆண்டில், ஒரே பேனாவின் பெயரால்! இவற்றைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட என் மனம் இடங்கொடுக்கவில்லை. ஏன் என்பதற்கு மருந்தின் கதையைச் சுருக்கமாகவாவது சொல்லவேண்டும்.

அந்த ரசாயனத்தின் மூலக்கரு 1899இலேயே ஜெர்மனியில் உண்டாக்கப்பட்டுப் பயனின்றிக் கிடந்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு, சாயத் தொழிலில் பிறந்து மருந்துத் துறைக்குள் நுழைந்த பாசல் நகரத்துக் கைகி கம்பெனி, அதிலிருந்து நாற்பதுக்கு மேற்பட்ட சரக்குகளைத் தயாரித்து வைத்தது. அவற்றிலொன்றைத் தூக்க மருந்தாகக் கூன் முன்பே பரிசோதித்திருந்தார். 1952இல் பாரிஸில் சித்தச்சிதைவு நோய்க்கான குளோர்ப்ரோமசின் என்ற மருந்து வெற்றிக்கொடி நாட்டியதும் எல்லா ஆஸ்பத்திரிகளும் அதை வேண்டின. மூன்ஸ்டர்லிங்கனின் சொற்ப நிதியில் அதை வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. ஆகவே கைகியிடமே அதையொத்த சரக்கு ஏதேனும் உண்டா என்று கூன் கேட்டார். இப்படி வந்து சேர்ந்ததுதான் ஜி 22355. குளோர்ப்ரோமசினிலுள்ள கந்தக அணுவை நீக்கி அவ்விடத்தில் இரண்டு கரி அணுக்களாலான பாலத்தை வைத்தால் ஏறக்குறைய இதுதான் கிடைக்கும்.

சித்தச்சிதைவு நோயாளிகளுக்குக் கொடுத்தபோது இது தோல்வியே கண்டது. அமைதியாயிருந்தவர்களில் சிலர் கிளர்ச்சியுற்றார்கள். ஒருவர் இராச்சட்டையோடு சைக்கிளில் ஏறி, உரத்த குரலில் பாடிக்கொண்டே பக்கத்துக் கிராமத்துக்குப் போய் அங்குள்ளவர்களைக் கலங்கவைத்தாரென்று, கைகி கம்பெனியில் அப்போது வேலை பார்த்த ஆலன் பிராட்ஹர்ஸ்ட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். வேறு யாராயிருந்தாலும் மருந்தைத் திருப்பியனுப்பியிருப்பார்கள். உறங்கவைக்க வேண்டியது எழுப்பிவிடுகிறதென்றால், எழ முடியாமல் கிடப்பவர்களுக்கு அதைக் கொடுத்தால் என்ன என்று கூன் யோசித்தார். 1956 ஜனவரியில் மனச்சோர்வால் நலிந்த ஒரு மாதுக்கு முதலில் கொடுத்தார். ஆறாம் நாளிலேயே அந்த அம்மாளிடம் மாறுதல் தெரிந்தது என்பது பின்னாளில் அவரே கூறிய கணக்கு. மூன்று பேருக்குக் கொடுத்துப் பார்த்ததும் தமக்கு உறுதியாகிவிட்டது என்பார். பிப்ரவரித் தொடக்கத்திலேயே கம்பெனிக்குச் செய்தி போயிற்று.

மூன்றே பேர்! இக்காலத்து ஆராய்ச்சியாளர் எவரும் இதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார். கூன் எந்த அளவுகோலையும் உபயோகிக்கவில்லை. மனச்சோர்வை மதிப்பெண்ணிட்டு அளக்கும் ஹாமில்டன் அட்டவணை 1960இல்தான் வந்தது. வந்த பிறகும் அவர் அத்தகைய அட்டவணைகளைக் கடைசிவரை இகழ்ந்தே வந்தார். அவர் எழுதி வைத்தவையெல்லாம் கண்ணாலும் காதாலும் அறிந்தவை: காலையில் யாரும் எழுப்பாமல் தானே எழுகிறார், குரல் வலுக்கிறது, பிறரோடு பேச விரும்புகிறார், முகத்தின் இறுக்கம் தளர்ந்து உயிர் வருகிறது. சோர்வுற்ற எல்லோருக்கும் அந்த மருந்து ஏற்குமென்றும் அவர் சொல்லவில்லை. உடம்பு ஈயமாய்க் கனப்பது, மார்பில் அழுத்துவது, காலை வேளையில் நோய் உச்சமடைந்து மாலையில் சற்றே இறங்குவது ஆகிய குறிகளோடு கூடிய ஒருவகைச் சோர்வுக்கே அது தக்கது என்றார். வாய் உலர்வது, வியர்ப்பது, மலச்சிக்கல் என்று தொல்லைகளையும் மறைக்காமல் குறித்தார். பின்வந்த பெரும் பரிசோதனைகள் இவற்றில் அநேகத்தை ஊர்ஜிதம் செய்தன.

பதினைந்து ஆண்டுகளாக மைக்கறைகளில் முகமூடிகளைக் காண்பவர்களைக் கவனித்து வந்த ஒருவர், மனச்சோர்வு மனிதனின் முகத்தில் கவிழ்த்து வைத்த முகமூடி நழுவுகிற அந்தக் கணத்தைத் தவறவிடமாட்டார் என்பதே என் கட்சி. இது அநுமானந்தான்; கூன் எங்கும் இப்படி எழுதி நான் பார்க்கவில்லை. ஆனாலும் அதே மருந்து அளவுகோல் பிடித்த ஒருவர் கையில் கிடைத்திருந்தால், ‘சித்தச்சிதைவுக்குப் பயனில்லை’ என்ற ஒற்றை வரியோடு அலமாரிக்குள் போயிருக்கும் என்ற என் சந்தேகத்தை விட்டுக்கொடுக்க நான் தயாராயில்லை.

உலகம் அவரை உடனே கொண்டாடவில்லை. 1957 செப்டம்பரில் ஜூரிக்கில் நடந்த இரண்டாம் உலக மனோவைத்திய மகாநாட்டில் அவர் பேசியபோது கேட்டவர்கள் ஏறக்குறைய ஒரு டஜன் பேர். கைகி கம்பெனியிலும் உற்சாகம் மந்தமாகத்தான் இருந்தது. அதன் பெரிய பங்குதாரர்களில் ஒருவரும், கவிஞர் ஸ்டெஃபான் கேயார்கேயின் அத்தியந்த சிநேகிதருமான ராபர்ட் போரிங்கர், தம் குடும்பத்து மாது ஒருவர் சோர்வுற்றிருந்தபோது இந்த மருந்தை வாங்கிக் கொடுத்து, அவர் சில நாளில் தேறியதைக் கண்ட பிறகே கம்பெனி சுறுசுறுப்படைந்தது என்று சொல்லப்படுகிறது. எப்படியோ, டோஃப்ரானில் என்ற பெயருடன் அது கடைக்கு வந்தது. இமிப்ரமின் என்பது அதன் பொதுப்பெயர்.

இனி வாக்களித்த விஷயம். எந்த நேரத்திலும் எந்த அறைக்குள்ளும் போகலாம், எவ்வளவு நேரமும் பேசலாம், எதையும் கொடுத்துப் பார்க்கலாம், ஏனென்று கேட்பாரில்லை என்ற நிலைமைதான் கூனுக்கு அந்தக் கூரிய பார்வையை அளித்தது. இமிப்ரமினுக்குப் பிறகும் அவர் நிறுத்தாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் சரக்குகளைச் சோதித்ததும் அதே நிலைமையின் பலத்தால்தான். அவர் மறைவுக்குப் பிறகு அவருடைய காகிதங்கள் மாகாண ஆவணக் காப்பகத்துக்கு வந்தன. அவற்றை ஆராய்ந்த சரித்திர ஆசிரியர்கள் மரியெட்டா மையர் தலைமையில் 2019இல் வெளியிட்ட நூல், குறைந்தது 67 சரக்குகளையும், பரிசோதனைக் காலத்திலோ அதையொட்டியோ நேர்ந்த 36 மரணங்களையும் கணக்கிடுகிறது. அவை மருந்தால் விளைந்தனவா என்று அந்த நூலாசிரியர்களாலேயே தீர்மானிக்க முடியவில்லை. மாகாண அரசு மன்னிப்புக் கேட்டது. கம்பெனிகள் அவருக்குக் கொடுத்த பணத்தின் கணக்கும் அந்நூலில் இருக்கிறது. அடுத்த வாரம் அதிலிருந்தே தொடங்கிவிடுவோம், வேறெந்த ஊர்வலமும் குறுக்கே வராவிட்டால்.