குறைந்த விலைக் கூடாரமும் அதன் அடிப்படைத் தேவைகளும்

குறைந்த விலையில் கூடாரம் வாங்க விரும்பும் புதியவர், அதன் நிறத்தையும் பரப்பையும் பார்ப்பதற்கு முன், அது மழைநீரை எவ்வாறு தடுக்கிறது என்பதை அறிய வேண்டும். துணியின் மீது எத்தனை மில்லிமீட்டர் உயரமுள்ள நீர்த்தூண் நின்றால் கசிவு தொடங்குகிறது என்பதே நீர்த்தடுப்புத் திறனின் அளவுகோலாகும். 1,500 மில்லிமீட்டர் அளவுள்ள கூரை சாதாரண மழைக்குப் போதும் என்றாலும், படுப்பவரின் எடையால் ஈரத்தரையில் அழுந்தும் தளத்துணிக்கு 3,000 மில்லிமீட்டராவது இருப்பது நல்லது. தையல் துளைகளின் வழியாகவும் நீர் எளிதில் நுழைவதால், தையல்களின் உட்புறத்தில் நாடா ஒட்டப்பட்டிருக்கிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிட வேண்டும்.

மழையில்லாத இரவிலும் கூடாரம் நனைவதுண்டு. உறங்குவோரின் மூச்சிலுள்ள நீராவி குளிர்ந்த துணியில் பட்டுத் துளிகளாகிறது. ஒற்றைச் சுவர்க் கூடாரத்தில் அவை படுக்கையின் மேல் சொட்ட, வலைத்துணி உள்ளறையும் தனி மழைவிரிப்பும் கொண்ட இரட்டைச் சுவர்க் கூடாரத்தில் பெரும்பாலும் வெளிவிரிப்பிலேயே தங்கிவிடுகின்றன. மலிவான பலவற்றில் இவ்விரிப்பு உச்சியை மட்டுமே மூடும். சாரல் அடிக்கும்போது அது பயன்படாது என்பதால், தரைவரை இறங்கும் விரிப்புக்குக் கூடுதலாகச் செலவிடுவது முற்றிலும் தகும். கண்ணாடியிழைக் கம்பிகளுக்குப் பதிலாக எடை குறைந்த அலுமினியக் கம்பிகளை வாங்குவதோ, சுமையை முதுகில் தூக்கி நடப்பவருக்கே அவசியம்.

உதகை போன்ற, உறைபனி விழும் இடங்களில், ஸ்லீப்பிங் பேக் எனப்படும் உறக்கப்பையின் அடிப்பகுதி உடல் எடையால் நசுங்கித் தன்னுள் அடைத்துவைத்த காற்றை இழப்பதால், விலை உயர்ந்த பை கூடத் தரையின் குளிரைத் தடுப்பதில்லை. அதைத் தடுப்பது அடியில் விரிக்கப்படும், விலை குறைந்த நுரைப்பாயே.