பலபொருள் ஒருசொல்: கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வழங்கும் ஆங்கிலச் சொற்கள்

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதியில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ளது கும்மிடிப்பூண்டி. இங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா முதலிய மொழிகளைப் பேசும் தொழிலாளர்கள் ஒருங்கே பணிபுரிகின்றனர். இவர்களிடையே ஆங்கிலத் தொழிற்சொற்கள் பொதுச்சொற்களாக வழங்குகின்றன. அவற்றுள் ஒரே வேரினின்று கிளைத்த பொருள்களை உடையனவும் உள. வேர் வேறாயினும் ஒரே எழுத்துவடிவம் பெற்றனவும் உள. இவை தமிழில் வழங்கும்போது எழும் பொருள்மயக்கத்தையும், அதைக் களையும் நெறியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரே வேர், பல பொருள்

'பிளாண்ட்' என்னும் சொல் செடியையும் ஆலையையும் குறிக்கும். இரண்டும் நடுதல் என்னும் பொருள்தரும் இலத்தீன் வேரினின்று வந்தவை. நிலத்தில் ஊன்றப்பட்டது என்னும் கருத்து இரண்டிற்கும் பொது. 'ஷிப்ட்' என்பது பகுத்தல், ஒழுங்குசெய்தல் எனப் பொருள்பட்ட பழைய ஆங்கில வினையினின்று தோன்றியது. பணிநேரப் பகுப்பு, இடமாற்றம் ஆகியன அதன் கிளைப்பொருள்கள்.

வேறு வேர், ஒரே வடிவம்

உலோகத்திற்கு உருக்கொடுக்கும் அச்சாகிய 'டை', பகடையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. இறத்தலைக் குறிக்கும் 'டை' நார்ஸ் மொழித் தொடர்புடையது. ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் எழுத்து ஒன்றே. தமிழ் எழுத்திலோ சாயம், கழுத்துப்பட்டை ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களும் 'டை' என்றே அமைவதால் மயக்கம் மிகுகிறது.

எல், இ, ஏ, டி என்னும் நான்கெழுத்துச் சொல்லின் நிலை இதற்கு மாறானது. அது 'லெட்' என ஒலித்தால் காரீயம்; 'லீட்' என ஒலித்தால் வழிநடத்துதல். ஆங்கில எழுத்து மறைக்கும் இவ்வேறுபாட்டைத் தமிழ் எழுத்து வெளிப்படுத்துகிறது.

தொல்காப்பிய நெறி

தொல்காப்பியக் கிளவியாக்கம் பலபொருள் ஒருசொல்லை வினை வேறுபடுவது, வினை வேறுபடாதது என இருவகைப்படுத்துகிறது. முன்னது வினை, இனம், சார்பு ஆகியவற்றால் தெளிவுபெறும். பின்னதைப் பொருள் விளங்கக் கிளந்து கூறுதல் வேண்டும். 'பிளாண்ட் ஓடுகிறது' என்பதில் வினையே ஆலையென உணர்த்திவிடும். 'பிளாண்ட் வைத்தார்கள்' என்பது இரண்டிற்கும் பொருந்துதலின், 'இரும்பு பிளாண்ட்' என்றாற்போல் கிளந்து கூறினாலன்றி விளங்காது.

எச்சரிக்கைப் பலகை

பழைய மின்கலங்களை உருக்கிக் காரீயம் பிரிக்கும் தொழிலில் இந்நெறி உயிர்காக்கும் நெறியாகிறது. காரீயத்தின் புகையும் தூசும் மூச்சு வழியாகவும் கைகழுவாது உண்ணும் உணவு வழியாகவும் உடலுட் சென்று குருதியையும் நரம்பையும் கெடுக்கும். ஆடையில் ஒட்டிய தூசு வீட்டிலுள்ள குழந்தைகளையும் தாக்கும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, காரீய நஞ்சேற்றத்தை அறிவிக்கத்தக்க நோய்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

எச்சரிக்கைப் பலகையில் 'லெட்' என்னும் சொல்லை 'ஈயம்' எனப் பெயர்த்தெழுதினால் மயக்கம் நீங்காது. ஈயம் என்பதே வெள்ளீயம், காரீயம் இரண்டிற்கும் பொதுவான சொல். ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுதலும் வெள்ளீயத்தைச் சார்ந்தவை. அடுக்களையில் பழகிய பெயரைக் காணும் தொழிலாளி அதனை நஞ்சென அஞ்சுவதற்கு இடமில்லை. பலகையில் பொருளைத் தெளிவிக்கும் வினையும் பெரும்பாலும் இருப்பதில்லை. பிறமொழிப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதுதலும் தீர்வாகாது. இந்தியில் காரீயம் 'சீசா'. தமிழில் சீசா என்பது கண்ணாடிக் குப்பி.

முடிவுரை

ஆங்கிலச் சொல்லின் வேரையும் வடிவையும் அறிதல் மொழிபெயர்ப்பின் முதற்படி. தமிழில் அதற்கு நிகராக வரும் சொல்லும் பலபொருள் ஒருசொல்லா என ஆராய்தல் அடுத்த படி. எனவே, பலகையில் 'காரீயத் தூசு – நஞ்சு' எனக் கிளந்து எழுதுதலும், தெலுங்கு, இந்தி, ஒடியாப் பெயர்களை அவ்வம்மொழி எழுத்திலேயே உடன் தருதலும் வேண்டும். தொழிற்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர்க்குக் கிளவியாக்கம் இன்றும் வழிகாட்டுகிறது.