ஹார்மோன் குளிகை: காத்திருக்கச் சொன்னது ஏன்?



நமது ஆண்டறிக்கையைக் கருத்தாய் வாசித்த சபைப் பெரியவர் ஒருவர், “ஏழை நோயாளர் நிதியிலிருந்து ஹார்மோன் பரிசோதனைக்குப் பணம் கொடுத்திருக்கிறீர்களே, அது யாருக்கு?” என்று கேட்டு எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. காணிக்கை கொடுப்பவருக்குக் கணக்குக் கேட்க உரிமை உண்டு. அந்தப் பணம் ஒரு திருநங்கைக்காகச் செலவானது. அவருடைய சம்மதத்தோடு, பெயரும் ஊரும் சொல்லாமல், அதை இங்கே விளக்குகிறோம்.

அவர் முதலில் எங்களிடம் வந்தது ஹார்மோனுக்காக அல்ல. இடது கால் தொடைவரை வீங்கி, நடக்க முடியாமல் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஆண்கள் வார்டா, பெண்கள் வார்டா என்று நாங்கள் தாழ்வாரத்தில் நின்று அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தார். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாயிருக்கிறது. ஸ்கேன் எடுத்தபோது, காலின் ஆழத்திலுள்ள இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து கட்டியிருப்பது தெரிந்தது. அந்தக் கட்டி உடைந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் உயிருக்கே ஆபத்து.

காரணத்தை அவரே தயக்கத்தோடு சொன்னார். பெண்மைத் தோற்றம் வரவேண்டும் என்பதற்காக, மருந்துக்கடையில் கருத்தடை மாத்திரை வாங்கி, நாளொன்றுக்கு நாலு, ஐந்து என்று இரண்டு வருடமாக விழுங்கியிருக்கிறார். டாக்டரிடம் போனால் என்ன சொல்வார்களோ என்ற பயம். தோழிகள் சொல்லிக்கொடுத்த வழி இதுதான். குடும்பப் பெண்கள் நாளுக்கு ஒன்று வீதம் சாப்பிடுவதற்காகச் செய்யப்பட்டவை அந்த மாத்திரைகள். அவற்றில் பெரும்பாலானவற்றில் எத்தினைல் எஸ்ட்ராடயால் என்ற செயற்கை ஹார்மோன் இருக்கிறது. அது கல்லீரலைத் தூண்டி, இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டிவிடும். அதனாலேயே திருநங்கையர் சிகிச்சைக்கு அதைப் பயன்படுத்த வேண்டாமென்று ஹார்மோன் மருத்துவ வல்லுநர்கள் அறிவுறுத்துகிறார்கள். உடலில் இயற்கையாய்ச் சுரக்கும் எஸ்ட்ராடயாலையே, அளவு பார்த்து, மாத்திரையாகவோ, தோலில் தடவும் ஜெல்லாகவோ, பட்டையாகவோ, ஊசியாகவோ கொடுப்பதுதான் முறை.

கால் வீக்கம் வடியத் தொடங்கிய நாட்களில் அவர் எங்கள் டாக்டர் அம்மாவிடம் ஒரு விண்ணப்பம் வைத்தார். வெளிநாட்டில் இருக்கும் தோழி போனில் சொன்னாளாம்: “தோலுக்கு அடியில ஒண்ணு வச்சிடுவாங்க. ஆறு மாசத்துக்கு மாத்திரையே வேண்டாம்.” அதையே தமக்கும் வைத்துவிட வேண்டும் என்று கேட்டார்.

பெல்லட் என்று டாக்டர்கள் சொல்லும் இந்தக் குளிகை புதிய சங்கதி அல்ல. சூலகம் நீக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு 1938-லேயே லண்டனில் பிஷப் என்ற மருத்துவர் இதை வைத்துப் பார்த்திருக்கிறார். பேரைக் கேட்டு நம் அத்தியட்சர் என்று எண்ணிவிடாதீர்கள், அது குடும்பப் பெயர்! அரிசி மணிபோல இருக்கும் இந்தக் குளிகையில் ஹார்மோன் தூள் இறுக்கி அடைக்கப்பட்டிருக்கும். இடுப்புக்குக் கீழே, பிட்டத்தின் மேற்புறத்திலோ அடிவயிற்றிலோ மரத்துப்போக ஊசி போட்டு, சிறு கீறல் இட்டு, ட்ரோகார் என்ற குழல்வழியாகக் கொழுப்புப் படலத்துக்குள் தள்ளிவிடுவார்கள். பதினைந்து நிமிட வேலை. பிறகு சில நாள் பாரம் தூக்காமல், குந்தி உட்காராமல் இருக்கவேண்டும். குளிகை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நாலு மாதம், ஆறு மாதம் என்று ஹார்மோனைக் கொடுத்துக்கொண்டிருக்கும். பெண்ணாய்ப் பிறந்து ஆணாய் வாழும் திருநம்பியருக்கு இதேபோல் டெஸ்டாஸ்டிரோன் குளிகை உண்டு. ஆண் ஹார்மோன் குறைந்த ஆண்களுக்கென்று 1972-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்தக் குளிகை ஒவ்வொன்றும் 75 மில்லிகிராம். அதை 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை வைக்கிறார்கள்.

தினமும் மாத்திரையை மறக்காமல் சாப்பிட வேண்டிய பாரம் இல்லை, வயிற்றுக்கும் கல்லீரலுக்கும் நேரே போகாததால் வாய்வழி மருந்தைவிட உறைகட்டிப் பயம் குறைவு. இந்த நன்மைகளை டாக்டர் அம்மா மறைக்கவில்லை. ஆனாலும் வேண்டாமென்றார், இப்போதைக்கு வேண்டாமென்றார்.

மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் நாளைக்கே நிறுத்தலாம். ஜெல்லைக் கழுவிவிடலாம். குளிகையோ உள்ளே போனால் போனதுதான். அதைத் தேடி எடுப்பது வைப்பதைவிடக் கடினம், கரைய ஆரம்பித்தபின் முழுவதும் எடுக்கவும் முடியாது. சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஹார்மோன் கசிந்துகொண்டே இருக்கும். பழையது தீருமுன் புதியதை வைத்தால் இரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே போகும். உடலோ இன்னும் போதவில்லை என்றே கேட்கும். ஆகவே முதலில் வேறு முறையில் தொடங்கி, எவ்வளவு ஒத்துக்கொள்கிறது என்று இரத்தத்தில் பார்த்து, நிலைப்பட்ட பிறகே குளிகையைப்பற்றி யோசிக்கவேண்டும். இவருக்கோ உறைகட்டிக்காக இரத்தத்தை இளக்கும் மருந்து ஓடிக்கொண்டிருந்தது. கீறல் இட்டால் இரத்தம் நிற்பதே பாடு. எங்கள் மருந்தகத்தில் குளிகை இருப்பிலும் இல்லை.

இவ்வளவையும் பொறுமையாய் விளக்கினோம். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாலையில் ஜெபத்துக்குப் போனபோது எங்களிடம் சொன்னார்: “எல்லாரும் இப்படித்தான் ஐயா. முதல்ல அப்புறம் வா என்பாங்க. அப்புறம் போ என்பாங்க.” பள்ளிக்கூடம், வீடு, தான் ஞானஸ்நானம் பெற்ற சபை என்று வரிசையாய்ச் சொன்னார். எங்களால் பதில் சொல்லக்கூடவில்லை. மருத்துவக் காரணத்தோடு சொன்ன ‘காத்திரு’ அவர் காதில் ‘போ’ என்றே விழுந்திருக்கிறது.

ஆகவே மறுநாள் டாக்டர் அம்மா நாள்குறித்து எழுதிக்கொடுத்தார். இந்தத் தேதி, இந்த அறை, இதே டாக்டர். முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் எஸ்ட்ராடயால், டெஸ்டாஸ்டிரோன் அளவுகள், அவற்றோடு கல்லீரல் பரிசோதனையும். ஆண் ஹார்மோனை அடக்கும் மாத்திரைக்காகப் பொட்டாசியமும் பார்க்கவேண்டும். ஜெல் தொடங்குமுன் கையொப்பம் வாங்கியபோது, எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக்கூடாது என்றும் சொல்லப்பட்டது: மார்பு வளர்ச்சி தொடங்கவே மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், குரல் மாறாது, தாடி தானாய் மறையாது, பிள்ளை பெறும் தன்மை திரும்பாமலே போகலாம். வார்டுப் பதிவேட்டில் அவர் சொன்ன பெயரே எழுதப்பட்டது. பெரியவர் கேட்ட பரிசோதனைச் செலவு இதுதான்.

மருத்துவமனை ஊழியத்தில் இதற்கு இடமுண்டா என்று சிலர் கேட்கக்கூடும். அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தில் பிலிப்பு ஓடிப்போய் இரதத்தில் ஏறிய எத்தியோப்பியரை நமது பழைய வேதாகமம் ‘மந்திரி’ என்கிறது. மூலமொழியில் அங்கே உள்ள சொல் அண்ணகரைக் குறிப்பது. ஏசாயா 56-லும் மத்தேயு 19-லும் அண்ணகர் என்றே மொழிபெயர்த்தவர்கள் இங்கே மந்திரி என்று போட்டதால், நம் சபைகளில் பலர் அதைக் கவனிப்பதே இல்லை. நாங்களும் வேதாகமக் கல்லூரிக்குப் போகும்வரை கவனித்ததில்லை. அண்ணகரும் திருநங்கையரும் ஒன்றல்ல என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் தனக்கு ஞானஸ்நானம் பெறத் தடையென்ன என்று அவர் கேட்டபோது பிலிப்பு ஒரு தடையும் சொல்லவில்லை. இருவரும் தண்ணீருக்குள் இறங்கினார்கள்.

நம் சகோதரி இதுவரை மூன்று தவணைக்கு வந்துவிட்டார். கால் வீக்கம் இல்லை. மூன்றாந்தரம் அவரோடு ஊரிலிருந்து தாயாரும் வந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், உள்ளே வரவில்லை. “அடுத்த தரம் வருவாங்க ஐயா” என்றார் மகள். ஒவ்வொரு முறையும், “குளிகை எப்போ?” என்று கேட்காமல் போவதில்லை. “இரத்தம் சொல்லட்டும்” என்கிறார் டாக்டர் அம்மா.

நான்காம் தவணை அடுத்த மாதம் வருகிறது. அதற்காகவும், பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தத் தாயாருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். இதே வழியில் இன்னும் இருவர் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்களுடைய பரிசோதனைச் செலவுக்கு உதவ விரும்புவோர் ‘ஏழை நோயாளர் நிதி’ என்று குறிப்பிட்டு அனுப்பலாம்.

அவர் ஊழியத்தில்,
மருத்துவமனை ஆயரும் ஆன்மப்பணிக் குழுவினரும்