நுரை எங்கே போகிறது?

துணி துவைக்கும்போதும் பாத்திரம் துலக்கும்போதும் நுரை பொங்கி வந்தால்தான் நமக்கு மனம் நிறைகிறது. நுரை குறைந்தால் இன்னும் ஒரு கைப்பிடி சோப்புத்தூளைப் போடுகிறோம். ஆனால் அழுக்கை நீக்குவது நுரை அல்ல. நுரை என்பது காற்றை அடைத்து வைத்திருக்கும் மெல்லிய நீர்ப்படலம், அவ்வளவுதான். முன்பக்கக் கதவுள்ள சலவை இயந்திரங்களுக்கான தூளில் நுரையை அடக்கும் பொருளையே சேர்க்கிறார்கள். அதில் போட்ட துணியும் வெளுக்கத்தான் செய்கிறது.

உண்மையில் வேலை செய்வது, வேதியியலார் 'பரப்புவினைப் பொருள்' என்று அழைக்கும் பொருளாகும். அதன் மூலக்கூறுக்கு ஒரு தலையும் நீண்ட வாலும் உண்டு. தலை தண்ணீரை நாடும். வால் தண்ணீரை வெறுத்து எண்ணெயை நாடும். துணியில் ஒட்டியுள்ள பிசுக்கில் வால்கள் குத்தி நிற்கின்றன, தலைகள் தண்ணீரின் பக்கம் திரும்பியிருக்கின்றன. கசக்கும்போது அந்தப் பிசுக்கு சிறு உருண்டைகளாகப் பிரிந்து, தண்ணீரோடு போய்விடுகிறது. சோப்பும், சோப்புத்தூளும், நம் பாட்டிமார் பயன்படுத்திய சீயக்காயும் பூந்திக்கொட்டையும் செய்வது இதையேதான்.

திருவிவிலியத்திலும் சவர்க்காரம் வருகிறது. வண்ணாரின் சவர்க்காரத்தை ஆண்டவருடைய வருகைக்கு உவமையாக்குகிறார் இறைவாக்கினர் மலாக்கி (மலா 3:2). எவ்வளவு சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் போகாத கறையைப் பற்றி எரேமியா பேசுகிறார் (எரே 2:22). அவர்கள் குறிப்பிட்டது இன்றைய சோப்புக்கட்டி அல்ல. செடிகளை எரித்த சாம்பலிலிருந்து கிடைத்த காரப்பொருள் அது. கொழுப்பையும் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சிய சோப்புக்கு ஒரு குறை உண்டு. உப்புத் தண்ணீரில் அது நுரைக்காமல் திரிந்துபோகும். தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து படிவதால் வரும் வினை இது. வாளியின் ஓரத்தில் படியும் சாம்பல் நிறப் பிசுக்கு அதுதான்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்தவை பெட்ரோலியத்திலிருந்து செய்யப்படும் செயற்கைச் சலவைப்பொருள்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவை உலகெங்கும் பரவின. நம் நாட்டில் 1959-ல் சர்ஃப் வந்தது. 1969-ல் நிர்மா வந்து, ஏழை வீடுகளுக்கும் சோப்புத்தூளைக் கொண்டு சேர்த்தது. வெந்நீர்ப் பானையும் உவர்மண்ணுமாக அல்லல்பட்ட பெண்களுக்கு இது பெரிய விடுதலை என்பதை மறுக்கக் கூடாது.

ஆனால் 1950-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகள் நுரைக்கத் தொடங்கின. சில ஊர்களில் குழாய்த் தண்ணீரே நுரைத்தது. அன்றைய சலவைப்பொருளின் வால், கிளைவிட்ட முள்மரம் போல இருந்ததே காரணம். நீரில் வாழும் பாக்டீரியாக்கள் வாலின் நுனியிலிருந்துதான் தின்னத் தொடங்கும். கிளைகள் குறுக்கிட்டால் அவற்றால் தொடர முடியாது. ஜெர்மனி 1961-ல் இதற்கென ஒரு சட்டம் இயற்றி, குறைந்தது 80 விழுக்காடு சிதையக்கூடியதையே விற்க வேண்டும் என 1964-ல் நடைமுறைப்படுத்தியது. 1965-க்குள் அமெரிக்க நிறுவனங்களும் கிளையில்லாத நேரான வாலுக்கு மாறின. ஆறுகளில் நுரை வெகுவாகக் குறைந்தது.

அப்படியென்றால் இன்று நம் ஆறுகள் ஏன் நுரைக்கின்றன? நேரான வாலைப் பாக்டீரியா தின்னும், உண்மைதான். ஆனால் அதற்குக் காற்று வேண்டும். முறையான சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்துவதால், பரப்புவினைப் பொருளில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் அழிந்துவிடுகிறது. சுத்திகரிக்காத கழிவுநீர் நிரம்பி, ஆக்சிஜன் அற்றுப்போன ஏரியில் அது நடப்பதில்லை. பெங்களூருவின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் இதற்குச் சாட்சி. 2015-ல் பெல்லந்தூரில் நுரையே தீப்பிடித்தது. அந்த ஏரியை ஆராய்ந்த இந்திய அறிவியல் கழக அறிஞர்கள், சலவைப்பொருள் கோடை முழுவதும் சேற்றில் படிந்து சேர்வதையும், மழை வந்து கலக்கும்போது அது மீண்டும் நீரில் எழுவதையும் கண்டறிந்தனர்.

அந்த ஏரிகளின் உபரிநீர் தென்பெண்ணையில் கலந்து தமிழகத்துக்குள் வருகிறது. ஓசூருக்கு அருகே, தருமபுரி மறைமாவட்ட எல்லைக்குள் இருக்கும் கெலவரப்பள்ளி அணையில், மதகு திறக்கும் நாள்களில் நுரை பனிமலை போலக் குவிவதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். துர்நாற்றத்தோடு அது காற்றில் பறந்து வயல்களில் விழுகிறது. துணியைத் துவைத்தவர் வேறு, நுரையைச் சுமப்பவர் வேறு. ஆனால் பெங்களூருவை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிக்க முடியாது. 2019 இறுதியில் மெரினாவிலும், சாந்தோம் பேராலயத்துக்கு அருகிலுள்ள பட்டினப்பாக்கத்திலும் கரையொதுங்கிய நுரை நம் வீடுகளிலிருந்து போனதுதான். அதில் குழந்தைகளை இறக்கிப் புகைப்படம் எடுத்த பெற்றோரும் இருந்தார்கள்!

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலின் 29-ஆம் பத்தியில், ஏழைகளுக்குக் கிடைக்கும் தண்ணீரின் தரத்தைப் பற்றிப் பேசும் இடத்தில், சலவைப்பொருள்கள் ஆறுகளிலும் ஏரிகளிலும் கடல்களிலும் கொட்டப்படுவதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். ஒரு திருமடலில் சோப்புத்தூளுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், கெலவரப்பள்ளிக்கு ஒருமுறை போய் வரலாம்.

நுரையாகத் தெரியாத கேடும் உண்டு. உப்புத் தண்ணீரை மென்மையாக்கத் தூளில் சேர்க்கப்படும் பாஸ்பேட், ஏரிக்குப் போனால் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரமாகிறது. அவை அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் மடிகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் வீட்டுச் சலவைத்தூளில் பாஸ்பேட்டுக்குக் கடும் வரம்பு விதித்தது. துணி ஆலைகள் நூலிலும் துணியிலும் உள்ள எண்ணெயை நீக்கப் பயன்படுத்தும் நோனைல்பீனால் எத்தாக்சிலேட் என்ற பொருள், நீரில் சிதைந்து பெண்மை இயக்குநீரைப் போல மீன்களின் உடலில் செயல்படுகிறது. 2021 பிப்ரவரி முதல், துவைத்து உடுத்தும் ஆடையின் எடையில் 0.01 விழுக்காடோ அதற்கு மேலோ அது இருந்தால் ஐரோப்பாவில் விற்க முடியாது. திருப்பூரிலிருந்து போகும் ஆடைக்கும் இந்த விதி உண்டு. அதை வாங்கும் ஐரோப்பியரின் ஆற்றை அது காக்கிறது. நொய்யல் கரையில் வாழ்பவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டுவது அரசின் கடமை. அதைக் கேட்டு வாங்குவது பங்கு மக்களும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. வீட்டில் செய்யக்கூடியது சிறிது. உறையில் பாஸ்பேட் இல்லை என்று எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள். அள்ளிப் போடாமல் கரண்டியால் அளந்து போடுங்கள். முதல் சோப்புத் தண்ணீரை வாழைக்கு ஊற்றாதீர்கள். அதிலுள்ள காரமும் சோடியமும் மண்ணைக் கெடுக்கும். கடைசி அலசல் தண்ணீரால் அவ்வளவு கேடில்லை. மழைநீரைத் தொட்டியில் சேமித்திருந்தால் துவைப்பதற்கும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கால்சியமும் மக்னீசியமும் மிகக் குறைவு என்பதால், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்குப் போடுவதைவிடக் குறைந்த தூளே போதும்.